வடக்கு மேலேதான் இருக்கணும்

வாங்க தம்பி, பாத்து வாங்க, தரையெல்லாம் அலுமினியத் தகடு கிடக்குது, காலைக் கிழிச்சுப்போடும். அந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காருங்க. மதுரையிலிருந்து இதுக்குன்னே வந்தீங்களா? பஸ்ஸுலயா? நெம்ப சந்தோசமுங்க. வீட்டுல காரைக் கழட்டி மாட்டறவன் ஆயிரம் பேரு இருப்பான். ஏரோப்ளேன் கட்டறவன் எத்தனை பேருங்க இருப்பான்? நம்மள மாதிரி நாலு கிறுக்கன்தான். போன்ல நீங்க கேட்டது ஞாபகம் இருக்குதுங்க. மேப்பு காட்டற ஜிபிஎஸ் டிஸ்ப்ளே, எதை வாங்கறதுன்னு கேட்டீங்க. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கறீங்க. அதுல நான் பட்ட பாடு வேற எவனும் பட்டிருக்க மாட்டான்.

என்னையப் பத்திச் சொல்லிடறேன். தெய்வசிகாமணின்னா கோயமுத்தூர்ல பம்புசெட்டு வேலை பாக்கற அத்தனை பேருக்கும் தெரியும். முப்பத்தஞ்சு வருசமா இதே பட்டறை. லேத்துல கையை வெச்சா நூலளவு பிசகாது. அம்பது வயசுல ஒரு ஆசை வந்துது, ஏரோப்ளேன் ஒண்ணு கட்டிப்போடணும்னு. வெளிநாட்டுலிருந்து பிளான் வரவழைச்சேன். ஒத்தை சீட்டு, சின்ன எஞ்சின். இந்த ஷெட்டுலதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் வால் பக்கம் இருந்துது. ஆறு வருசம். கட்டுனது நான். தகடு வெட்டுனது, வளைச்சது, இறக்கைக்கு ரிவெட்டு அடிச்சதெல்லாம் எங்க மாப்பிள்ளைதானுங்க. ஆனா கட்டுனது நான்தான். பிளான் என்ற பேருலதான வந்துது.

மாப்பிள்ளைன்னா என்ற தங்கச்சி ருக்குமணியோட வீட்டுக்காரர். குழந்தைவேலு. ஏர்ஃபோர்ஸ்ல பதினஞ்சு வருசம் மெக்கானிக்கா இருந்துபோட்டு ஊருக்கு வந்தவரு. வந்தவரு வேற எங்க போவாரு? நான்தான் பட்டறையில சேத்துக்கிட்டேன். தங்கமான மனுசன், அதுல ஒண்ணும் சொல்லறதுக்கில்ல. வாய் மட்டும் வராது. நீங்க ஒரு மணி நேரம் திட்டுனாலும் "சரிங்க மச்சான்"னு ஒரே வார்த்தை. அப்பிடிப்பட்ட ஆளை எனக்குப் புடிக்கும். அதே சமயம் எரிச்சலும் வரும், மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

ஓட்டறதும் அவருதானுங்க. எனக்கு லைசென்ஸ் கிடைக்கல. ஒரு டாக்டரு, சின்னப் பையன், என்ற சக்கரைக் கணக்கைப் பாத்துப்போட்டு உதட்டைப் பிதுக்குனான். "நீங்க ஓட்ட முடியாதுங்க ஐயா"ன்னான். அவனுக்கென்ன தெரியும்? நான் இன்னிக்கும் ரெண்டு மைல் நடக்கறேன். சரி, கெரகம், விதி அப்பிடின்னு மாப்பிள்ளையை ஃப்ளையிங் கிளப்புக்கு அனுப்பி ஓட்டக் கத்துக்கச் சொன்னேன். நாப்பத்தஞ்சு வயசுல கத்துக்கிட்டாரு. கட்டி முடிச்சதை முதல் தடவை அவரு மேல ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தப்ப ருக்குமணி அழுதா. அவ அழுததைப் பாத்து எல்லாரும் கண்ணைத் தொடைச்சாங்க. நான் தொடைக்கல. என்ற ஏரோப்ளேன்ல அவன் போறான், நான் கீழ நின்னு கையாட்டறேன். உங்களுக்குப் புரியுமுன்னு நினைக்கறேன், நீங்களும் கட்டறவரு.

சரி, டிஸ்ப்ளேக்கு வர்றேன். மூணு பாத்தோம். எல்லாத்தையும் சோதிச்சுத்தான் வாங்கணும் தம்பி, விளம்பரத்தைப் பாத்து வாங்காதீங்க.

மொதல்ல டேப்லெட்டு. எல்லாப் பயலும் அதைத்தான் சொல்லுவான். சல்லிசு, பெரிய ஸ்கிரீன், மேப்பை இறக்கிக்கலாம்பான். சித்திரை மாசம் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஷெட்டுக் கூரை மேல வெச்சேன். பத்தே நிமிசம். இட்லிக் குண்டாவாட்டம் சூடேறி, "ரொம்பச் சூடா இருக்கறேன்"னு எழுதிக்காட்டிப்போட்டு அணைஞ்சுபோச்சு. கண்ணாடி மூடிக்குக் கீழ உக்காந்து வெயில்ல போறப்ப அணைஞ்சா என்ன பண்ணுவீங்க? தள்ளு அதை.

ரெண்டாவது, பூரா தொடுதிரை. பாக்க ராசா மாதிரி இருந்துது. அதை என்ற ஜீப்பு டேஷ்போர்டுல கட்டிக்கிட்டு குண்டும் குழியுமா ஒரு ரோடு இருக்குது பாருங்க, அதுல போனோம். மாப்பிள்ளையைத் தொடச் சொன்னேன். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு தொறக்குது. மேல காத்துல குலுங்கறப்ப வெரல் எங்க போயி நிக்கும்? அதுவும் வேண்டாம்.

மூணாவது இதானுங்க, மேசை மேல இருக்குதே. ஏழு இஞ்சு. ரெண்டு பக்கமும் திருகறதுக்குக் குமிழு. கையுறை போட்டுக்கிட்டுக்கூடத் திருகலாம். உச்சி வெயில்ல எழுத்து எழுத்தாத் தெரிஞ்சுது. ஒரு யோசனையும் சொல்றேன், எழுதிக்குங்க: டிஸ்ப்ளே கைக்கு வர்ற வரைக்கும் பேனல்ல ஓட்டை வெட்டாதீங்க. நாங்க படத்தைப் பாத்து வெட்டிப்போட்டோம், அரை இஞ்சு பத்தல. மாப்பிள்ளை ரெண்டு நாள் அரம் வெச்சு ராவுனாரு. ஆன்டெனாவை எஞ்சினுக்குப் பக்கத்துல வெக்காதீங்க. பேட்டரி தனியா வெச்சுக்குங்க. அது வரைக்கும் எனக்கும் அவருக்கும் ஒரு தகராறு வரலைங்க.

மாட்டி முடிச்ச அன்னிக்குத்தான் வந்துது. மேப்பு எந்தப் பக்கம் பாத்து நிக்கணுங்கறதுல.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். ரெண்டு விதமா வெக்கலாம். ஒண்ணு, ஏரோப்ளேன் மூக்கு எந்தப் பக்கமோ அது மேலே வர்ற மாதிரி மேப்பு தானாச் சுத்திக்கும். உங்க வலது கைப் பக்கம் மலை இருந்தா ஸ்கிரீன்லயும் வலது பக்கமே இருக்கும். இன்னொண்ணு, வடக்கு எப்பவும் மேலே. மேப்பு ஆடாது அசையாது, அதுக்குள்ள ஏரோப்ளேன் பொம்மைதான் திரும்பும். அப்ப நீங்க தெற்கே போனீங்கன்னா எல்லாம் மாறித் தெரியும். உங்க வலது கைப் பக்கம் இருக்கறது ஸ்கிரீன்ல இடது பக்கம் இருக்கும். மனசுக்குள்ள திருப்பிப் பாத்துக்கணும்.

மாப்பிள்ளை சொன்னாரு, "சுத்தற மாதிரியே வெச்சுக்கலாங்க மச்சான், எனக்கு அதுதான் தோதா இருக்குது"ன்னு.

எனக்கு வந்துது பாருங்க கோவம்! மேப்பு சுத்துமா? பள்ளிக்கூடத்துல செவுத்துல மாட்டியிருந்த மேப்பு சுத்துச்சா? வடக்கு மேலே, தெற்கு கீழே, அது ஒலகத்துக்கே பொதுவானது. நம்மளுக்காக அது சுத்தணும்னு சொன்னா அது சோம்பேறித்தனம். நான் சொல்லிப்போட்டேன், "வடக்கு மேலேதான் இருக்கணும் மாப்ளே, உங்களுக்கு வரலைன்னா வரவழைச்சுக்குங்க." அவரு, "சரிங்க மச்சான்"னாரு. ஆனா மறுநாள் நான் வந்து பாக்கறேன், மேப்பு சுத்திக்கிட்டிருக்குது! என்ற முதுகுக்குப் பின்னாடி மாத்தி வெச்சிருக்கறாரு. அந்த டிஸ்ப்ளேல ஒரு வசதி இருக்குதுங்க, நாலு எண்ணு போட்டு எல்லாத்தையும் பூட்டிப்போடலாம். வடக்கு மேலேன்னு வெச்சு பூட்டிப்போட்டேன். எண்ணு என்ற மண்டையில மட்டும்.

பூட்டுனா மட்டும் போதுமா? பழக்கி வுடணுமில்ல. சனிக்கெழமை பொழுதோட சம்பளம் போட்டு டீ வந்ததும் பட்டறை ஆளுக பன்னெண்டு பேரும் சுத்தி நிப்பாங்க. மாப்பிள்ளையை ஏரோப்ளேன்ல ஏறி உக்காரச் சொல்லுவேன். நான் கேப்பேன், "தெற்கே போறீங்க மாப்ளே. அணை ஸ்கிரீன்ல இடது பக்கம் இருக்குது. உங்களுக்கு எந்தப் பக்கம்?" அவரு முழிப்பாரு. கையைத் தூக்குவாரு, இறக்குவாரு. "இடது... இல்லைங்க, வலதுங்க மச்சான்." நான் சொல்லுவேன், "சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு ஏர்ஃபோர்ஸ்ல சொல்லித் தரலியா?" ஆளுக குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாங்க. ஒரு ஒன்றரை வருசம் வாராவாரம் நடந்துது. எங்க பட்டறையில அவ்வளவு ஒத்துமையா இருந்ததே இல்லைங்க, சனிக்கெழமைன்னா ஒருத்தனும் லீவு போட மாட்டான்.

கேள்வியெல்லாம் நான் சும்மா கேக்க மாட்டேன். மத்தியானமே வீட்டுல காகித மேப்பை மேசையில விரிச்சுப்போட்டு, தெற்கே போறதுன்னா காகிதத்தைத் தலைகீழாத் திருப்பி வெச்சுக்கிட்டு, எது வலது எது இடதுன்னு பாத்து விடையை எழுதி சட்டைப்பையில வெச்சுக்குவேன். கேள்வி கேக்கறவன் கையில விடை இருக்கணுமில்லைங்க? என்ன சிரிக்கறீங்க? காகிதத்தைத் திருப்பறது வேற தம்பி. அது தயாரிப்பு.

ஒரு தடவை என்ற பேரன் காதுகுத்துக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தாங்க. எல்லாரையும் ஷெட்டுக்குக் கூட்டியாந்து ஏரோப்ளேனைக் காட்டுனேன். அந்தக் காலத்துல பட்டாளத்துல புதுசாச் சேந்தவனுக்கு வலது இடது தெரியலைன்னு ஒரு கால்ல ஓலையும் ஒரு கால்ல சீலையும் கட்டி வுட்டு, ஓலைக்கால் சீலைக்கால்னு நடக்க வெப்பாங்கன்னு சொல்லுவாங்கல்ல. அதே மாதிரி நான் ஏரோப்ளேன்ல காலு வெக்கற ஒரு பெடல்ல பனை ஓலையும் இன்னொரு பெடல்ல ருக்குமணியோட பழைய சீலைக் கிழிசலும் கட்டி வெச்சிருந்தேன். மாப்பிள்ளையை ஏறச் சொன்னதும் அவரு குனிஞ்சு பாத்தாரு. சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் இருக்கறாங்க. சிரிப்புன்னா சிரிப்பு, வயிறு புண்ணாப்போச்சு. அவரும் சிரிச்சாரு. இறங்கி வந்து அந்தச் சீலைத் துணியை அவுத்து, மடிச்சு, சட்டைப்பையில வெச்சுக்கிட்டாரு. வேடிக்கைக்குப் பண்ணுனதுதானுங்க.

ருக்குமணி அன்னிக்கு என்ற முன்னாடி வந்து நின்னா. "ண்ணா, அந்த நம்பரை அவருக்குச் சொல்லிப்போடுங்க. தூங்கறப்பக்கூட கையை ஆட்டி ஆட்டி வலது இடதுன்னு முனகறாரு. எனக்கு வெசனமா இருக்குது"ன்னா.

"உனக்கென்ன அம்மிணி தெரியும்? நான் அவருக்கு நல்லதுதான் பண்ணறேன்"னு சொன்னேன்.

"நல்லது பண்ண வேண்டாம், நம்பரைச் சொல்லுங்க"ன்னா.

பொம்பளைக பேச்சைக் கேட்டு ஏரோப்ளேன் கட்ட முடியுங்களா? நான் சொல்லல. மாப்பிள்ளையும் மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவை கேட்டப்ப அவரு கண்ணுல தண்ணி. "ஒரே ஒரு பட்டனுங்க மச்சான்." நான் சொன்னேன், "ஒரே ஒரு மூளைதான் மாப்ளே, அதை உபயோகப்படுத்துங்க." இதுவும் நல்ல பதில்தான். இன்னிக்கு நினைச்சாலும் எனக்குப் புடிச்சிருக்குது.

அப்புறம் கார்த்திகை மாசம் வந்துது. அது வரைக்கும் ஊருக்கு வெளிய ஓடுதளம் போட்டிருந்த நம்ம தோட்டத்துக்கு மேலயே சுத்திக்கிட்டிருந்தாரு. ரோடு, காத்தாலை, குளம், இதையெல்லாம் கண்ணால பாத்து ஓட்டறதுக்கு அவரு சூரருங்க. அதுக்கு மேப்பு எதுக்கு? எனக்குத்தான் இந்த டிஸ்ப்ளேயை நாலு பேருக்குக் காட்டணும்னு. எங்க தொழில் சங்கத் தலைவரு, பெரிய பெரிய மில்லுக்காரங்க, எல்லாரையும் தோட்டத்துக்குக் கூப்பிட்டேன். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, கேசரி, பொங்கல், வடை. நேரா தெற்கே அணை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும், நாப்பது நிமிசம், அதுதான் திட்டம். வாக்கி டாக்கி ஒண்ணு என்ற கையில. அவரு பேசறது எல்லாருக்கும் கேக்கட்டும்னு அதை மைக்செட்டுக்குக் குடுத்திருந்தேன்.

காத்தால அவரு தெற்கே பாத்துக்கிட்டு நின்னாரு. "மலை மேல மேகம் எறங்கியிருக்குதுங்க மச்சான், ஒரு பத்தரை மணிக்குப் போலாமா?"ன்னாரு. தலைவருக்குப் பத்து மணிக்கு வேற கூட்டம். "மேகம் மலையில இருக்குது, நீங்க அணை வரைக்குந்தான போறீங்க?"ன்னேன். "சரிங்க மச்சான்"னாரு. ருக்குமணிகிட்டப் போயி ஏதோ சொன்னாரு. அவ தலையாட்டுனா. ஏறிப் போயிட்டாரு. அழகா எழும்புச்சு தம்பி. அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னாங்க. "இது என்ற கையால கட்டுனது"ன்னு மைக்குல சொன்னேன்.

பதினஞ்சு நிமிசம் ஒண்ணும் பிரச்சினை இல்ல. "காத்தாலை தாண்டிட்டேன்", "வாய்க்கால் தாண்டிட்டேன்"னு சொல்லிக்கிட்டே போனாரு. கேசரி பரிமாறிக்கிட்டிருந்தாங்க. அப்பத்தான் அவரு குரல் வந்துது.

"மச்சான், மேகத்துக்குள்ள வந்துட்டேன். கீழ தரை தெரியல. முன்னாடி ஒண்ணும் தெரியல. தெற்கே போயிட்டிருக்கறேன். ஸ்கிரீன்ல ஒரு பக்கம் மலைக்கரடு, ஒரு பக்கம் சமவெளி. சமவெளி ஸ்கிரீன்ல இடது பக்கம் காட்டுது. நான் இடது திரும்பணுமா, வலது திரும்பணுமா?"

ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேட்டுது. எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. நான் வாக்கி டாக்கியையும் மைக்கையும் சேத்துப் புடிச்சு நிதானமாச் சொன்னேன், "இதைத்தான மாப்ளே ஒன்றரை வருசமாச் சொல்லிக் குடுத்தேன்? வடக்கு மேலே இருக்குது. சித்த யோசிச்சுப் பாருங்க." சிரிச்சாங்க. தலைவரு வாயில கேசரியோட சிரிச்சாரு.

"மச்சான், வெளையாட்டு இல்லைங்க. எனக்குத் தல சுத்துது. இடதா வலதா, ஒரே வார்த்தை சொல்லுங்க."

"மேப்பைப் பாருங்க மாப்ளே! மேப்பு அங்கதான இருக்குது!"

ருக்குமணி ஓடியாந்து என்ற கையைப் புடிச்சா. "சொல்லுங்கண்ணா. சொல்லிப்போடுங்கண்ணா. இல்லைன்னா அந்த நம்பரையாச்சும் சொல்லுங்க." வாக்கி டாக்கியைப் புடுங்கப் பாத்தா. நான் கையை மேல தூக்கிக்கிட்டேன். அத்தனை பெரிய மனுசங்க முன்னாடி ஒரு பொம்பளை புடுங்கறதாவது?

அவ எக்கி எக்கிப் பாத்துக்கிட்டிருந்தா. அப்ப அவரு குரல் வந்துது. "இடது திரும்பறேன் மச்சான். சரிங்களா?"

நான் கூட்டத்தைப் பாத்துச் சொன்னேன், "பாத்தீங்களா, பழக்குனா வரும். தானாக் கண்டுபிடிச்சுட்டாரு." தலைவரு மொதல்ல கை தட்டுனாரு. அப்புறம் எல்லாரும் தட்டுனாங்க. அந்தக் கைதட்டல் அடங்கறதுக்குள்ள ஸ்பீக்கர்ல கரகரன்னு ஒரு சத்தம் வந்து நின்னுபோச்சு. மைக்செட்டுக்காரனைத்தான் திட்டுனேன்.

கரட்டுல ஆடு மேச்சுக்கிட்டிருந்த ஒருத்தரு பாத்துட்டுச் சொல்லி வுட்டாரு. மேல ஏறிப் போறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. மாப்பிள்ளை சீட்டுலயே இருந்தாரு. பெல்ட்டு அறுகலை. அந்த பெல்ட்டு நான் தேர்ந்தெடுத்தது. சட்டைப்பையில அந்தச் சீலைத் துணி இருந்துதுன்னு எவனோ எடுத்து ருக்குமணி கையில குடுத்தான். தேவையில்லாத வேலை. அவ அதைப் பாத்ததுக்கப்புறம் அழுகையை நிறுத்திப்போட்டா.

அவரு வலது பக்கம் திரும்பியிருக்கணும். தெற்கே போறவனுக்கு ஸ்கிரீன்ல இடதுல இருக்கறது வலது கைப் பக்கம். இடது பக்கம் திரும்புனவரு நேரா கரட்டுல போயி...

திசைகாட்டி இருந்துதே, அதைப் பாத்து மேற்கே திரும்பியிருக்கலாமில்லன்னு கேக்கறீங்களா? இருந்துதுங்க. மூக்குக்கு நேரா இருந்துது. விசாரணைக்கு வந்தவங்களும் அதைத்தான் கேட்டாங்க. டிஸ்ப்ளேயைக் கொண்டுபோயி சோதிச்சுப்போட்டு, கருவியில ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்தக் காகிதத்தை பிரேம் போட்டு வெச்சிருக்கறேன், அந்தா செவுத்துல. பாருங்க, அத்தனை அடி பட்டும் இதுல ஒரு மூலையிலதான் கீறல். குமிழைத் திருகிப் பாருங்க. எவ்வளவு மெதுவாத் திரும்புது பாத்தீங்களா? வாங்கறதா இருந்தா இதே கம்பெனிதான் வாங்கணும்.

மைக்குல நடந்த பேச்சைப் பத்தியா? அது விசாரணையில வரலைங்க. வந்திருந்தவங்க எல்லாம் கௌரவமான ஆளுக. கை தட்டுனதை எவன் போயிச் சொல்லுவான்?

ருக்குமணிதான் கேட்டா. காரியம் முடிஞ்சு பந்தியும் முடிஞ்சு எல்லாரும் உக்காந்திருந்தப்ப. பங்காளிக, பட்டறை ஆளுக, சம்பந்தி வீட்டுக்காரங்க, எல்லாரும் இருந்தாங்க. வெள்ளைச் சீலையில வந்து என்ற முன்னாடி தரையில உக்காந்தா. சத்தம் போடலை. சின்ன வயசுல கணக்குச் சொல்லித் தரச் சொல்லி உக்காருவா பாருங்க, அந்த மாதிரி.

"ண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு அவரு கேட்டப்ப, எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நீங்க வெளியூர்க்காரரு, பொழுதோட பஸ் ஏறிப் போயிடுவீங்க, அதனால உங்ககிட்டச் சொல்றேன். எனக்குத் தெரியலைங்க தம்பி. அவரு கேட்டதும் கண்ணை மூடி யோசிச்சேன். தெற்கே போறான், சமவெளி இடது பக்கம்... நான் கூட்டத்தைப் பாத்து வடக்கு நோக்கி நிக்கறேன். காகிதம் வீட்டுல கிடக்குது. வலதுன்னு தோணுது, உடனே இடதுன்னு தோணுது. மண்டைக்குள்ள அந்த மேப்பு திரும்பவே மாட்டேங்குது. நாப்பது பேரு என்ற வாயைப் பாத்துக்கிட்டிருக்கறாங்க. அவரு இடதுன்னு சொன்னப்ப, அட, அதுதான் சரியா இருக்கும்னு நெசமாவே நினைச்சேன். அவருக்குத் தெரிஞ்சிருச்சு, எனக்குத்தான் தெரியலைன்னு ஒரு பொறாமைகூட வந்துதுங்க.

அவ கேட்டுப்போட்டு என்ற மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கறா. தெரியாதுன்னு சொல்லிருவேன்னு அவ காத்துக்கிட்டிருந்தது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்து உக்காந்திருக்கறா. சொல்லியிருந்தா என்ற மடியில விழுந்து அழுதிருப்பா. என்னையத் தேத்தக்கூடத் தேத்தியிருப்பா. அவ கொணம் அப்பிடி.

பின்னாடி பன்னெண்டு பேரும் நிக்கறானுக. ஒவ்வொரு சனிக்கெழமையும் சிரிச்ச அதே பயலுக.

"தெரியும்"னு சொன்னேன்.

"தெரிஞ்சேதான் கை தட்ட வெச்சீங்களா?"ன்னா.

"தெரியும்னுதான் சொல்றேனே, எத்தனை தடவை கேப்பே?"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன்.

எந்திரிச்சு சீலையை உதறிப்போட்டு போயிட்டா. ரெண்டு வருசம் ஆச்சு, இந்த வாசல் மிதிக்கலை. கண்ணாலம் காட்சியில பாத்தா எச்சல் துப்பிப்போட்டுப் போறா. புருசனைக் கொன்ன பாவின்னு ஒறம்பரைக்குள்ள பூராச் சொல்லிக்கிட்டுத் திரியறா. பட்டறையில பாதிப் பேரு நின்னுட்டானுக. சொல்லட்டுங்க தம்பி. கொன்னவன்னுதான் சொல்றாங்க. தெரியாதவன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் சொல்லலை.